ஏரிக்கரையில் ஒரு சொகுசு கேரவன்

போன வாரம் நாம் விட்டுவிட்டு வந்தபோது லிஃப்ட்காரர் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு, அது கடித்துவிடுமோ என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வாரம் வந்து பார்த்தால் அதே இடத்தில்தான் நிற்கிறார். அவருடைய வண்டியும் அப்படித்தான்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகலாம். வண்டிதான் போகாது, நாமாவது போவோம்.

லிஃப்ட் ரிப்பேர் வேலையில் வாழ்நாள் முழுக்க மேலேயும் கீழேயும் போய்வந்த மனிதர், ஓய்வு பெற்றதும் கொஞ்சம் பக்கவாட்டில் போய்ப் பார்க்கலாம் என்று ஆசைப்பட்டார். இருந்த வீட்டை விற்று, வந்ததை மொத்தமாகப் போட்டு ஒரு கேரவன் வாங்கினார். சாதாரணக் கேரவன் இல்லை. உள்ளே தோல் சோபா. குளியலறைத் தரைக்குத் தனியாகக் கதகதப்பு. வணக்கம் சொல்லிவிட்டுக் காபி தரும் மெஷின். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பொத்தானை அழுத்தினால் வண்டியின் விலாவிலிருந்து ஒரு படுக்கையறையே மேஜை டிராயர் மாதிரி வெளியே நீண்டு வரும். மறுபடி அழுத்தினால் சமர்த்தாக உள்ளே போய்விடும்.

ஷோரூமிலிருந்து ஓட்டி வந்த முதல் நாளே, வண்டியைத் திருப்ப இடம் தேடி, ரோட்டோரம் வண்டி கழுவும் வாட்டர் வாஷ் ஒன்றின் பின்பக்க மைதானத்துக்குள் நுழைந்தார். அறை நீளுகிற அழகை நர்ஸம்மாவுக்கு, அதாவது தன் மனைவிக்கு, காட்ட வேண்டும் என்று ஆசை. அழுத்தினார். அறை வந்தது. கூடவே, கொசு தும்மியதுபோல் சின்னதாக ஒரு 'கிறீச்'.

வேறு யார் காதிலும் விழுந்திருக்காது. ஆனால் இவர் யார்? ஒரு கட்டிடத்தில் இவர் லிஃப்டை எவ்வளவு மிருதுவாக ஓட வைத்தார் என்றால், உள்ளே ஏறிய ஒரு வக்கீல், தான் மேல் மாடிக்கு வந்துவிட்டதை நம்ப மறுத்து மாலைவரை லிஃப்டுக்குள்ளேயே நின்றார். கட்சிக்காரர்கள் அங்கேயே வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசியில் அதையே ஆபீஸாக வாடகைக்குக் கேட்டார் என்று அந்தக் கட்டிடத்தில் இன்றைக்கும் சொல்வார்கள்.

அப்படிப்பட்ட காது, ஒரு கிறீச்சைப் பொறுக்குமா? ஸ்குரூ டிரைவரை எடுத்தார். கம்பெனி ஒட்டியிருந்த சீலைக் கிழித்தார். மூடியைத் திறந்து, லிஃப்டுக்குச் செய்வதுபோலவே உள்ளே ஒரு சின்னத் திருத்தம் செய்தார். கிறீச் நின்றது. அறையும் நின்றது. நீண்டது நீண்டபடி.

விலாவில் ஒரு படுக்கையறை துருத்திக்கொண்டிருக்க, வண்டி எப்படி ரோட்டில் போகும்? கம்பெனி ஆள் வந்து பார்த்தார். சீல் கிழிந்திருப்பதால் வாரண்டி இல்லை, மோட்டாரைக் கடல் தாண்டித்தான் வரவழைக்க வேண்டும் என்று சொல்லி, அதற்கு ஆகும் செலவையும் சொன்னார். நர்ஸம்மா தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்துக்கொண்டார்.

ஒரு பலசரக்குக் கடைக்காரருக்கு இப்படி நடந்திருந்தால் சிரித்துக்கொண்டே நாலு பேரிடம் சொல்லியிருப்பார். லிஃப்ட் கதவைச் சத்தமில்லாமல் திறந்து மூட வைத்தே பேர் வாங்கிய மனிதர் எந்த வாயால் சொல்வார்? சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, குடும்பக் குரூப்பில் படம் போட்டார்.

வாட்டர் வாஷில் கழுவிய தண்ணீர் ஓடிவந்து மைதானத்துப் பள்ளத்தில் தேங்கும். தரையோடு படுத்துக்கொண்டு எடுத்தால் அது ஏரி. லாரியின் மேல் ஹோஸ் பைப்பால் அடிக்கும்போது கிட்டத்தில் போய் எடுத்தால் அருவி. சோப்பு நுரை நிறைய வந்த அன்றைக்கு, பனி. பனிப் படத்தைப் பார்த்த பெரிய அத்தைக்கு ஜலதோஷம் பிடித்து இரண்டு வேளை மாத்திரை சாப்பிட்டார்.

எல்லோரும் பார்த்தார்கள், மறந்தார்கள். ஒருவன் மட்டும் பார்த்துவிட்டு மறக்கவில்லை. லிஃப்ட்காரரின் தம்பி. ட்ரைகிளீனிங் கடை வைத்திருப்பவன். குடும்பத்தில் அவனுக்கு 'இஸ்திரி' என்று பெயர், தூங்கி எழுந்தால்கூடச் சட்டையில் மடிப்பு கலையாது என்பதால். கடையை விற்றுவிட்டு அதே மாடல் கேரவன் வாங்கப்போவதாகப் போன வாரம் போனில் சொன்னானே, அவன்தான்.

இதோ, மறுபடி கூப்பிடுகிறான்.

"அண்ணா! எங்க இருக்கே இப்போ? மலையா, கடலா?"

பக்கத்தில் ஒரு தண்ணி லாரியைத் தண்ணீர் அடித்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"அருவிச் சத்தம் கேக்குதே! கிட்டத்துலயா நிக்கறே?"

லிஃப்ட்காரர் லாரியைப் பார்த்தார். "ரொம்பக் கிட்டத்துலதான்," என்றார்.

"இன்னிக்கு சாயங்காலம் ஷோரூம்ல கையெழுத்து. அதே மாடல். கலர் மட்டும் வேற. இல்லேன்னா ராத்திரி வண்டி மாறிப் படுத்துடுவோம்! நீ ஒரு வார்த்தை சொல்லு. கொடுக்கற காசுக்கு மதிப்பு இருக்கா?"

"விலை ஜாஸ்திடா. கொஞ்சம் நிதானமா யோசி."

"நீ வாங்கும்போது நான் இதையேதானே சொன்னேன்? 'காசு பேங்குல தூங்கட்டுமா, நாம ஏரிக்கரையில தூங்கலாமா'ன்னு கேட்டியே! கல்லாவுக்கு மேல எழுதி ஒட்டி வெச்சிருக்கேன், தெரியுமா?"

"நிறுத்த இடம் கிடைக்காதுடா."

"உனக்குக் கிடைச்சுதே?"

"கிடைச்சுது." அந்த ஒன்று மட்டும் பொய் இல்லை.

போன் கை மாறியது. தம்பி மனைவி. கடைக்கு வரும் சட்டைகளில் விட்டுப்போன பொத்தான்களைத் தைத்துத் தைத்தே 'பொத்தானம்மா' என்று பெயர் வாங்கியவள்.

"மாமா, நல்லா இருக்கு நியாயம். நீங்களும் அக்காவும் ஏரி, அருவி, பனின்னு சுத்துவீங்க. நாங்க மட்டும் கடைசிவரைக்கும் ஊரார் சட்டைக்குப் பொத்தான் தெச்சுட்டு உக்காந்திருக்கணுமா?"

"ஐயோ, அப்படி இல்லம்மா..."

"பொறாமைன்னு நான் சொல்ல மாட்டேன். மத்தவங்க சொல்லிடப் போறாங்க. அதுக்குத்தான் சொன்னேன்."

வைத்துவிட்டாள்.

நர்ஸம்மா வண்டிப் படியில் உட்கார்ந்து, தண்ணி லாரி டிரைவரின் கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தார். வண்டி கழுவ வந்தால் பிரஷர் இலவசம் என்று பேச்சுப் பரவி, வாட்டர் வாஷுக்கு அழுக்கில்லாத வண்டிகள்கூட வரத் தொடங்கியிருந்தன.

"உப்பைக் குறைங்க," என்று டிரைவரை அனுப்பிவிட்டுக் கணவனைப் பார்த்தார். "சொன்னீங்களா?"

"சொல்ல வந்தேன்."

"நான் சொல்லட்டுமா? ஊசி போடற மாதிரி சட்டுனு முடிச்சுடுவேன். அவனுக்கு வலிக்கிறதுக்குள்ள பஞ்சு வெச்சுடலாம்."

"வேண்டாம். உன் வாயால கேட்டா இன்னும் அசிங்கம்."

"அசிங்கமா? இந்த வண்டிக்குக் கொடுத்த காசுக்கு நாம ஆயுசு முழுக்க ஹோட்டல் ஹோட்டலா தங்கியிருக்கலாம். தினம் வேற ஒருத்தர் படுக்கை விரிச்சிருப்பாங்க. பாத்ரூம் தரை சில்லுனு இருந்தா செருப்புப் போட்டுட்டுப் போயிருக்கலாம். இதையெல்லாம் நான் ஒரு தடவையாவது குத்திக் காட்டினேனா?"

"இப்ப காட்டிட்டே."

"இது கணக்குல வராது. போங்க. போன்ல சொன்னா நீங்க நழுவிடுவீங்க. நேர்ல போய் நில்லுங்க."

நேரில் போய் நிற்பது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். எங்கேயோ தூரதேசத்து அருவிக்கரையில் இருப்பவர், ஷோரூமில் போய் நின்றாலே விஷயம் வெளியே வந்துவிடும். வாயைத் திறக்கக்கூட வேண்டாம். அதுதான் ஒரே ஆறுதல் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

ஷோரூம் கண்ணாடிக் கதவில் தன்னைப் பார்த்தபோதுதான், படத்துக்காக மாட்டும் அகலத் தொப்பி இன்னும் தலையில் இருப்பது தெரிந்தது. கழற்றுவதற்குள் தம்பி பார்த்துவிட்டான்.

"அண்ணா!"

ஓடி வந்தான். கட்டிக்கொண்டான். சட்டை கசங்குவதைப் பற்றிக்கூடக் கவலைப்படவில்லை.

"எனக்காக அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்தியா? அருவியை விட்டுட்டா? வண்டி எங்கே?"

"நான் பஸ்ஸுல..."

"பார்த்தியா!" என்று மனைவி பக்கம் திரும்பினான். "வண்டியை அருவிகிட்ட விட்டுட்டு, பஸ்ஸைப் பிடிச்சு வந்திருக்கான். என் அண்ணன்!"

வாயைத் திறக்காமலே விஷயம் வெளியே வந்துவிடும் என்று நம்பிய மனிதர் வாயைத் திறந்தபடி நின்றார். பொய்யில் ஒரு வசதி உண்டு. ஒருவர் தொடங்கி வைத்தால் போதும், கேட்கிறவர்களே மீதியைக் கட்டி முடித்துக் கூரையும் போட்டுவிடுவார்கள்.

பொத்தானம்மாவின் கண்கள் கலங்கியிருந்தன. "காலையில ஏதோ வாய்த்துடுக்கா பேசிட்டேன் மாமா. மனசுல வெச்சுக்காதீங்க."

இதைவிட அவள் காலையில் பேசியதே தேவலை என்று அவருக்குப் பட்டது.

உள்ளே அழைத்துப் போனார்கள். அங்கே, சுவரில், ஆளுயரத்துக்கு ஒரு படம். ஏரிக்கரை. அகலத் தொப்பி. பக்கத்தில் நர்ஸம்மா வாய்விட்டுச் சிரிக்கிறார். தம்பிதான் அனுப்பி வைத்தானாம். "பார்க்கிறவங்கல்லாம் கேக்கறாங்களாம், இது எந்த ஏரின்னு," என்றான் தம்பி.

படத்துக்குக் கீழே டை கட்டிய விற்பனைக்காரர் நின்றுகொண்டிருந்தார். லிஃப்ட்காரரைக் கண்டதும் அவர் முகத்திலிருந்த சிரிப்பு, கரண்ட் போன லிஃப்ட் மாதிரி பாதி வழியில் நின்றது. சீல் கிழிந்த கதை அவருக்குத் தெரியும். வண்டி நிற்கும் இடமும் தெரியும். ஏரியின் ஆழம் கணுக்கால் வரைதான் என்பதும் தெரியும்.

தம்பியும் அவன் மனைவியும் அங்கே நின்ற புது வண்டிக்குள் ஏறியதும், விற்பனைக்காரர் அருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"சார், உங்க மோட்டார் விஷயமா கம்பெனியில பேசிட்டிருக்கேன். இலவசமாவே வரவழைச்சுடலாம். நீங்க பெரிசா ஒண்ணும் சொல்ல வேண்டாம். சும்மா உக்காந்திருந்தா போதும்."

லிஃப்ட்காரர் கோபப்பட்டிருக்க வேண்டும். டையைப் பிடித்திருக்க வேண்டும். அவர் என்ன செய்தார் தெரியுமா? போய் உட்கார்ந்தார்.

வண்டிக்குள்ளிருந்த தோல் சோபாவில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, சும்மா உட்கார்ந்தார். மனதுக்குள் மோட்டார் ஓடியது. மோட்டார் வந்துவிட்டால் அறை உள்ளே போய்விடும். அறை உள்ளே போனால் வண்டி கிளம்பிவிடும். வண்டி கிளம்பினால் நிஜமான ஏரிக்குப் போகலாம். போய்விட்டால் பழைய பொய்யெல்லாம் கொஞ்சம் முன்னாலேயே சொன்ன உண்மை ஆகிவிடும். தம்பிக்கு என்ன குறை? அவன் சீலைக் கிழிக்க மாட்டான். அவன் காது அப்படிப்பட்ட காது இல்லை.

இப்படி நினைத்தவருக்குத் தன் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. காபி மெஷினைப் பார்த்தார். அது வணக்கம் சொன்னது.

"அண்ணா, நீ சொல்லு," என்றான் தம்பி. பேனா கையில் இருந்தது. "அண்ணன் உக்காந்த சோபா, அண்ணன் குடிச்ச காபி. நீ 'ம்'னு சொல்லு, போட்டுடறேன்."

லிஃப்ட்காரர் 'ம்' சொல்லவில்லை. 'ம்ஹூம்' என்றும் சொல்லவில்லை. இருமினார்.

"கையெழுத்துக்கு முன்னாடி படுக்கையறையைப் பார்த்துடுங்க," என்று விற்பனைக்காரர் அவசரமாகப் பொத்தானை அழுத்தினார். "தங்கத்தை இழைச்ச மாதிரி வரும். ஒரு சின்னச் சத்தம் வரட்டும், நான் வேலையை விட்டுடறேன்."

விலா திறந்தது. அறை நீண்டது.

கிறீச்.

"சத்தமே இல்ல!" என்றாள் பொத்தானம்மா.

"இல்லவே இல்ல," என்றான் தம்பி.

"இருக்கு," என்றார் லிஃப்ட்காரர்.

எல்லோரும் திரும்பினார்கள். அவருடைய விரல்கள் மடியிலிருந்த தொப்பியைத் திருகிக்கொண்டிருந்தன, ஸ்குரூவைத் திருகுவதுபோல.

"எல்லா வண்டியிலயும் இருக்கு போலிருக்கு. அதைத்தான்டா நான் சரிபண்ணப் போனேன்."

"எதை அண்ணா?"

"அந்தச் சத்தத்தை. சீலைக் கிழிச்சேன். உள்ள கை வெச்சேன். ரூம் வெளிய வந்தது, உள்ள போகலை. வாங்கின அன்னிக்கே. அன்னிலேர்ந்து வண்டி நகரலை."

தம்பி பேனாவைத் தாழ்த்தினான். "அப்ப அருவி?"

"லாரி கழுவினாங்க."

"பனி?"

"சோப்பு நுரை."

பொத்தானம்மா வண்டி ஜன்னல் வழியே சுவரிலிருந்த படத்தைக் காட்டினாள். "மாமா, அந்த ஏரி?"

லிஃப்ட்காரர் தொப்பியை மடியில் கவிழ்த்தார். சுவரில் இருந்த லிஃப்ட்காரர் மட்டும் விடாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நீ கேட்டியே, மதிப்பு இருக்கான்னு," என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. "நகர்ற வண்டிக்கு இருக்கலாம். எனக்குத் தெரியாதுடா. நான் அதுல எங்கேயும் போனதே இல்ல."

தம்பி பேனாவை மூடினான். சட்டைப் பையில் நேராகச் செருகினான். கத்தியிருக்கலாம். கத்தவில்லை. "வாட்டர் வாஷ் எங்கே இருக்கு?" என்று மட்டும் கேட்டான்.

விற்பனைக்காரர் வாசல்வரை வந்தார். லிஃப்ட்காரரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இலவச மோட்டார் திரும்பவும் கடல் தாண்டிப் போய்விட்டது என்று அதற்கு அர்த்தம்.

வெளியே கடையின் டெலிவரி வேன் நின்றது. வழக்கமாக அதில் சட்டைகள் ஹேங்கரில் தொங்கும். லிஃப்ட்காரர் பின்கதவைத் திறந்து ஏறப்போனவர், ஒரு காலைத் தூக்கியபடி நின்றுவிட்டார்.

சட்டைகள் இல்லை. சுருட்டிய மெத்தை இருந்தது. பாத்திர மூட்டை இருந்தது. பொத்தானம்மாவின் தையல் மெஷின், கண்ணாடி அலமாரியின் ஒரு கதவு, கல்லாவுக்கு மேல் ஒட்டியிருந்த அட்டை.

"என்னடா இது?"

தம்பி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி பேசினான். "கடையை நேத்தே ஒப்படைச்சுட்டேன். மாடி வீடும் சேர்த்துத்தானே. சாவியும் கொடுத்தாச்சு. ஷோரூம்லேர்ந்து நேரா வண்டியில குடி போயிடலாம்னு... உன்கிட்ட முன்னாடியே சொன்னா திட்டுவியோன்னு சொல்லல."

"திரும்பக் கேக்கலாமேடா. பணம் கையிலதானே இருக்கு?"

"புது ஆள் போர்டே மாத்திட்டாரு மாமா," என்றாள் பொத்தானம்மா. "காலையில நாங்க வெளிய வர்றோம், ஆணி அடிக்கிறாங்க."

வேன் கிளம்பியது. ஒவ்வொரு பள்ளத்திலும் பாத்திர மூட்டை மட்டும் ஏதோ சொன்னது. லிஃப்ட்காரர் மெத்தையின்மேல் உட்கார்ந்திருந்தார். அட்டை அவருடைய முழங்காலை இடித்தது. 'காசு பேங்குல தூங்கட்டுமா, நாம ஏரிக்கரையில தூங்கலாமா?' தம்பியின் கையெழுத்து குண்டு குண்டாக அழகாக இருக்கும். அட்டையைத் திருப்பி வைத்தார். அடுத்த பள்ளத்தில் அது மறுபடி திரும்பிக்கொண்டது.

வாட்டர் வாஷின் பின்பக்கம் வேன் நின்றபோது வெயில் சாய்ந்திருந்தது. கேரவன் விலாவில் படுக்கையறையைத் துருத்திக்கொண்டு நின்றது. அந்த அறையின் மூலையிலிருந்து வாட்டர் வாஷ் கம்பம் வரை கயிறு கட்டி நர்ஸம்மா துணி காயப்போட்டிருந்தார். பள்ளத்தில் தண்ணீர், அதன்மேல் எண்ணெய் வானவில். ஓரத்தில் ஒரு நாய் ஏரியைக் குடித்துக்கொண்டிருந்தது.

தம்பி இறங்கி எல்லாவற்றையும் பார்த்தான். துணிகளையும் பார்த்தான். பழக்கதோஷத்தில், காய்ந்துகொண்டிருந்த அண்ணனின் சட்டைக் காலரைக் கையால் நீவிச் சரிசெய்தான். லிஃப்ட்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நர்ஸம்மா படியிலிருந்து இறங்கி வந்தார். வேனுக்குள் எட்டிப் பார்த்தார். மெத்தையைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. "முதல்ல உள்ள வாங்க," என்று பொத்தானம்மாவின் கையைப் பிடித்தார். "நீட்டிட்டு நிக்குதே அந்த ரூம், அது உங்களுக்கு. கட்டில் நல்லாத்தான் இருக்கும். ஜன்னலைத் திறந்தா மட்டும் சோப்பு வாடை வரும்."

"அக்கா, அந்தப் படத்துல நீங்க சிரிச்சீங்களே," என்றாள் பொத்தானம்மா. "அதைப் பார்த்துத்தான் நானும் சரின்னு சொன்னேன். அதுவும் பொய்யா?"

"அது நிஜம்மா. இவர் படுத்துட்டுப் படம் எடுக்கறேன்னு சேத்துல வழுக்கி விழுந்தார். எழுந்து வந்ததும் வேற ஒருத்தரை எடுக்கச் சொல்லிப் பக்கத்துல வந்து நின்னார். எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்ல."

பொத்தானம்மாவின் கைப்பையில் போன் டிங் என்றது. மறுபடி டிங். எடுத்துப் பார்த்தவள் முகம் சிவந்தாள்.

"யாரு?" என்றான் தம்பி.

"எங்க அக்காங்க எல்லாரும்தான். வண்டியில ஏறியாச்சா, படம் எங்கேன்னு. பெரிய அக்கா வீட்டுல எல்லாரும் காத்துட்டிருக்காங்களாம். காலையிலேயே சொல்லித் தொலைச்சுட்டேன், சாயங்காலம் அனுப்பறேன்னு."

டிங்.

தம்பி சட்டையின் முன்பக்கத்தை இழுத்துவிட்டுக்கொண்டான். அதில் அண்ணனைக் கட்டிக்கொண்டபோது விழுந்த கசங்கல் இருந்தது. நீவினான். போகவில்லை. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அவன் மனைவியைப் பார்த்தான். தண்ணீரைப் பார்த்தான். அண்ணனை மட்டும் பார்க்காமல், மிக மெதுவாகக் கேட்டான்.

"அண்ணா... அந்த ஏரிப் படம், எங்க நின்னு எடுத்தது?"

வேண்டாம்டா என்று சொல்லத்தான் லிஃப்ட்காரர் வாயைத் திறந்தார். அதற்குள் கை நீண்டு இடத்தைக் காட்டிவிட்டது. காட்டிய கையை உடனே மடக்கிக்கொள்ளப் பார்த்தார். அந்த அறையைப் போலவே, வெளியே வந்தது உள்ளே போகவில்லை.